ஹாஷிமோட்டோ கூட இருந்தால்

அந்த இலையுதிர் காலத்தில் என் வாழ்க்கையிலிருந்து என் புருஷனை மட்டும்தான் அப்புறப்படுத்துவதாக இருந்தேன். அதற்கு நாளும் குறித்தாகிவிட்டது, நவம்பர் ஒன்றாம் தேதி. நடுவில் கழுத்தில் ஒரு கட்டி வந்து வரிசையை உடைத்தது.

புருஷன் பெயர் ஹாஷிமோட்டோ தமோட்சு. கட்டிக்கொண்ட பாவத்துக்கு நானும் ஹாஷிமோட்டோ, ஹாஷிமோட்டோ மிவாகோ. முப்பத்து மூன்று வருஷக் குடித்தனம். அவர் ஃபுகுவோகா நகரத்தில் பஸ் ஓட்டினார். அந்தக் காலத்தில் எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது, ஏனென்றால் மனிதர் வீட்டில் இருந்ததே கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்று வந்து சோபாவில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து எழுந்திருக்கவில்லை. நான் குளிர்பெட்டியைத் திறந்தால், "கதவு மூடுது, பிடிச்சுக்கோங்க" என்று பஸ்ஸில் சொல்வதுபோல அறிவிப்பார். வெளியே கிளம்பினால், "எங்க போற, எப்ப வருவ, எனக்கு மதியத்துக்கு என்ன?" என்று மூன்று கேள்வி. இப்படி வீட்டோடு கிடக்கும் புருஷனை எங்கள் பக்கம் ஈரச் சருகு என்பார்கள். என்ன பெருக்கினாலும் தரையை விட்டு வராதாம். என்னுடையது தரையோடு தரையாகவே ஆகிவிட்டிருந்தது.

ஆகஸ்டில் விவாகரத்துத் தாளை அவர் முன்னால் வைத்தேன். இரண்டு தரம் படித்தார். கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். "ரைஸ் குக்கர் யாருக்கு?" என்று மட்டும் கேட்டார். மெய்னோஹாமா பக்கம் ஒற்றை அறை வீடு பார்த்துக்கொண்டார். நவம்பரில் அவர் அங்கே போனதும் தாளை வார்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, நான் மறுபடி என் அப்பாவின் பெயருக்கே, தோக்குநாகா மிவாகோவாகவே, திரும்பிவிடுவதாக ஏற்பாடு.

செப்டம்பரில் வார்டுக்காரர்கள் நடத்தும் உடல் பரிசோதனைக்குப் போனேன். ஒரு டாக்டர் என் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு படம் எடுத்தார்கள், ஊசி போட்டு உறிஞ்சினார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். "குடும்பத்தில் ஒருவரை அழைத்து வாருங்கள்" என்று அங்கிருந்து சொன்னார்கள். அந்த வாக்கியம் நல்லதுக்கு வராது என்று யாருக்குத்தான் தெரியாது. மகள் நாட்டின் வடகோடியில், சப்போரோவில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். கையெழுத்துப் போட்டுவிட்ட புருஷன் குடும்பத்தில் சேர்த்தியா என்று யோசித்தேன். தாள் இன்னும் இழுப்பறையில்தானே கிடக்கிறது, சேர்த்திதான் என்று அவரையே இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் நிஷிகோரிக்கு நாற்பது வயதிருக்கும். அடித்து எதையும் சொல்ல மாட்டார். ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு "போலத் தெரியுது" ஒட்டிக்கொண்டிருக்கும்.

"தைராய்டுல வர்ற புற்றுநோய் முக்கால்வாசி சாதுவான வகைங்க. உங்களுக்கு வந்திருக்கிறது மெடுல்லரின்னு ஒண்ணு. நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் வரும். இந்த ஆஸ்பத்திரியில எங்க ஆராய்ச்சிப் பட்டியல்ல இதுவரைக்கும் பதினோரு பேர். நீங்க பன்னெண்டாவது ஆள் போலத் தெரியுது."

"பரவியிருக்கா?" என்று கேட்டேன்.

"தொறந்து பார்த்தாத்தான் தெரியும்." சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "ஓ, ஹாஷிமோட்டோ இருக்கா? அதுவும் முப்பத்து மூணு வருஷமா? அப்ப ஒரு நல்ல விஷயம் சொல்லலாம் போலத் தெரியுது. ஹாஷிமோட்டோ கூட இருந்தா புற்று அவ்வளவா ஆட்டம் போடுறதில்ல. சாதாரண வகையில அப்படி நிறைய பேர் கவனிச்சிருக்காங்க. இந்த அபூர்வ வகையிலயும் அப்படித்தானான்னு நாங்க பார்த்துக்கிட்டிருக்கோம். ஆளு கம்மி, உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா கூட இருக்கிறது நல்லதுதான்."

எங்கள் ஊரில் ஹாஷிமோட்டோ நோய் தெரியாதவர்கள் குறைவு. நம் உடம்பின் காவல்காரர்களே நம் தைராய்டை எதிரி என்று நினைத்து அடிப்பார்கள், அது மெல்ல வீங்கிப் புண்ணாகும். நூறு வருஷத்துக்கு முன்னால் இதைக் கண்டு எழுதியவர் எங்கள் ஃபுகுவோகா டாக்டர், அதனால் அவர் பெயரே நோய்க்கு. டாக்டர்கள் அவசரத்தில் 'நோய்' என்ற சொல்லை விழுங்கிவிட்டு வெறும் ஹாஷிமோட்டோ என்பார்கள். எனக்கு அது இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். முப்பத்து மூன்று வருஷமாகவா என்று கேட்டிருக்கலாம். கேட்கிற நிலையிலா இருந்தேன்? 'ஆட்டம் போடுறதில்ல' என்ற ஒன்றைத்தான் காது பிடித்துக்கொண்டது.

பக்கத்து நாற்காலியில் என் புருஷன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷத்தில் அவர் முதுகு நிமிர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்த சுரங்க ரயிலுக்குக் கடைசி நிலையம் ஹாஷிமோட்டோ. "இது ஹாஷிமோட்டோ செல்லும் வண்டி" என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் மனிதர் யாரோ தன்னைக் கூப்பிட்டதுபோலத் தலையாட்டிக்கொண்டார். படியேறி வெளியே வந்ததும் சொன்னார்:

"நான் மெய்னோஹாமாவுக்குப் போகல."

"என்னது?"

"டாக்டர் சொன்னாருல்ல. நான் கூட இருந்தாத்தான் அது அடங்கியிருக்குமாம்."

நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டேன். "ஐயோ கடவுளே. அவர் சொன்னது ஹாஷிமோட்டோ நோயை. உங்களை இல்ல."

"அந்த நோய் எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துலேருந்து என்னை அதைச் சொல்லித்தானே கிண்டல் பண்ணாங்க. நீ யோசிச்சுப் பாரு. ஒரு நோயோட இன்னொரு நோய் கூட இருந்தா நல்லதுன்னு எந்த டாக்டராவது சொல்வாரா?"

"சொன்னாரே!"

"என்னைச் சொன்னாரு. முப்பத்து மூணு வருஷம்னு கணக்கும் சரியாச் சொன்னாரு."

அவர் சொன்னதில் எங்கே ஓட்டை என்று இன்றுவரை என்னால் சரியாகக் காட்ட முடியவில்லை.

அன்றிலிருந்து சோபா காலியானது. எனக்கு ஒரு கை தூரத்திலேயே இருந்தார். மீன் கடையில் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழிப்பறைக்குப் போனால் வாசலில் நின்று, "எல்லாம் சரியா?" என்றார். சமூகக் கூடத்தில் நாங்கள் பதினான்கு பேர் பூப்போட்ட தொளதொள கவுன் மாட்டிக்கொண்டு ஹுலா நடனம் பழகுவோம். அங்கேயும் வந்து மடிப்பு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒருநாள் ஆட்டம் முடிந்ததும், நான் கதை முழுக்கச் சொல்லியிருந்த தோழி கவாசோயே வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய் மிவாகோ, உன் மருந்து வாசல்ல செருப்பைத் தேடிக்கிட்டிருக்கு" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. அவர் எழுந்து எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார்.

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஆனால் பொய் சொல்வானேன், நானும் ஒரு ஹாஷிமோட்டோவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் இருந்தேன். அவர் சோபாவைவிட்டு எழுந்து வந்த ஹாஷிமோட்டோ, என்னுடையது கழுத்துக்குள் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஹாஷிமோட்டோ. காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் கழுத்தைத் தொட்டு, "உள்ள இருக்கிறவரே, அந்தக் கடன்காரனை ஆட விடாதீங்க" என்பேன். சாகப் பயமாக இருந்தது. அறுபத்தொரு வயதில், இப்போதுதான் தனியாக வாழப் போகிறேன் என்று ஒற்றைக் கட்டில் வரை விலை கேட்டு வைத்திருந்த நேரத்தில், சாகப் பிடிக்கவே இல்லை.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் இன்னொரு தரம் டாக்டரைப் பார்க்கப் போனோம். என் புருஷன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். கேள்விகள் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"டாக்டர், ஹாஷிமோட்டோ எவ்வளவு நாள் கூட இருக்கணும்?"

டாக்டர் புன்னகைத்தார். "பொதுவா அது போகாதுங்க. வாழ்நாள் முழுக்கக் கூடவேதான் இருக்கும்."

என் புருஷன் என்னை ஒரு பார்வை பார்த்தார். கேட்டுக்கோ என்று அர்த்தம். "அதுக்குத் தனியா ஏதாவது செய்யணுமா?"

"பெரும்பாலும் ஒண்ணும் வேணாம். தொந்தரவு பண்ணாத வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கட்டும். அப்பப்ப ஒரு பார்வை பார்த்துக்கிட்டாப் போதும்."

"கொஞ்சம் பெருத்துப் போனா?"

"கொஞ்சம்னா பரவாயில்ல. ரொம்பப் பெருத்துட்டா மூச்சு முட்டும், முழுங்கறது கஷ்டமாகும்."

"நான் நடக்க ஆரம்பிச்சிருக்கேன்" என்றார் என் புருஷன்.

டாக்டர் அதை எந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டாரோ. "நடக்கிறது எல்லாருக்குமே நல்லதுதாங்க. அப்புறம், ஹாஷிமோட்டோவுக்குக் கொம்புப் பாசி அதிகம் ஆகாது. ஆபரேஷன் வரைக்கும் கடற்பாசிச் சாறைக் குறைச்சுக்கணும் போலத் தெரியுது."

என் புருஷனுக்கு முகம் வாடிவிட்டது. வேர்க்கிழங்கு பஜ்ஜி மிதக்கும் உடோன் நூடுல்ஸ் இல்லாமல் அவருக்கு மதியம் என்ற ஒன்று கிடையாது. உடோன் சாறே கொம்புப் பாசியில் காய்ச்சுவதுதான். "விட்டுடறேன்" என்று சீட்டில் குறித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து விட்டும் விட்டார்.

நான் குறுக்கே புகுந்து சொல்லியிருக்கலாம். சிரிப்பை அடக்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. அந்த ஒரு மாதத்தில் நான் சிரித்தது அங்கேதான்.

அப்போது டாக்டர் சொன்னார்: "ஆனா உங்களுக்கு ஆபரேஷன்ல தைராய்டை முழுசா எடுத்துடுவோம். அதனால ஹாஷிமோட்டோவும் சேர்ந்தே போயிடும்."

"எங்க போகும்?"

"பரிசோதனைக் கூடத்துக்கு. ரத்தத்துல ஹாஷிமோட்டோ சரியாத் தெரியல. சில பேருக்கு அப்படித்தான். மெல்லிசாச் சீவி, கண்ணாடியில வெச்சுப் பார்த்தாத்தான் உறுதியாகும்."

என் புருஷன் கேள்விச் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். பிறகு தலையை ஆட்டினார். "அவளுக்கு நல்லதுன்னா சீவுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அதை அவர் நிஜமாகவே நம்பிச் சொன்னாரா? நாற்பது வருஷம் நெரிசலில் பஸ் ஓட்டியவர் அத்தனை முட்டாளாகவா இருப்பார்? கேட்கத் தைரியம் வரவில்லை.

அறுவைச் சிகிச்சை நாள் காலை. எங்கள் ஆஸ்பத்திரிகளில் நோயாளி தன் காலாலேயே நடந்துதான் போக வேண்டும். நான் நடந்தேன், நர்ஸ் நடந்தாள், பின்னால் அவர். கதவருகே நர்ஸ் திரும்பி, "குடும்பத்துக்காரங்க இதுவரைக்கும்தாங்க" என்றாள்.

"நான் கூட இருக்கணும். டாக்டரே சொல்லியிருக்காரு."

"உள்ள கிருமி வந்துடுங்க ஐயா."

"சரி, வெளியிலயே இருக்கேன். என் முறை வந்ததும் கூப்பிடுங்க. நேத்து ராத்திரியிலேருந்து நானும் ஒண்ணும் சாப்பிடல."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அழுகை வந்தது. பயத்தாலா, இந்த மடையனாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "போய் ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்க" என்றேன். கதவு மூடும்போது, "கதவு மூடுது, பிடிச்சுக்கோ" என்று அவர் குரல் கேட்டது.

விழித்தபோது குரல் போயிருந்தது. நரம்பு எரிச்சல், சில வாரத்தில் திரும்பிவிடும் என்றார்கள். இனி தினம் ஒரு தைராய்டு மாத்திரை என்றும் சொன்னார்கள். என்னால் வெறும் காற்றாகத்தான் பேச முடிந்தது. அவருக்குக் கொண்டாட்டம். முப்பத்து மூன்று வருஷத்தில் நான் குறுக்கே பேசாத இரண்டு வாரம் அதுதான்.

இரண்டு வாரம் கழித்து முடிவு சொன்னார்கள். கட்டி ஒன்றரை சென்டிமீட்டர்தான், சுரப்பியைத் தாண்டவில்லை. கழுத்தில் எடுத்த பதினாறு நிணநீர் முடிச்சுகளும் சுத்தம். ரத்தத்தில் இருந்த புற்றின் அடையாளம் அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. "பன்னெண்டு பேர்ல இவ்வளவு சாதுவா இருந்தது உங்களுதுதான்" என்றார் டாக்டர். இதைச் சொல்லும்போது சந்தோஷமாக இருக்க வேண்டியவர் பல்வலிக்காரர்போல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சின்னச் சிக்கல். ஹாஷிமோட்டோ இல்ல. எத்தனை சீவல் பார்த்தும் வீக்கத்துக்கான சுவடே இல்ல."

"இல்லியா?" என் புருஷன் பாதி எழுந்துவிட்டார். "இங்கதானே உட்கார்ந்திருக்கேன்?"

டாக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கோப்பின் மேல் இருந்த பெயரைப் பார்த்தார். அவர் முகத்தில் நிறம் போனதை நான் பார்த்தேன். உடனே பதிவுப் பிரிவுக்குப் போன் போட்டார்.

பதிவுக்காரி ஷிரகாவா வந்தாள். ஐம்பது வயது, கழுத்துச் சங்கிலியில் மூக்குக் கண்ணாடி. முதல் தரம் வருவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்து விவரம் கேட்டவள் அவள்தான். குடும்பத்தில் யார் யார் என்று முதலில் கேட்டாள், அதனால் மற்றதெல்லாம் அதைச் சேர்ந்தது என்றே நான் நினைத்திருந்தேன். தாளை எடுத்துப் படித்தாள்.

"ஹாஷிமோட்டோ இருக்கான்னு கேட்டேன். 'இருக்கு இருக்கு, அது எங்க போகப்போகுது'ன்னீங்க. எத்தனை வருஷமான்னு கேட்டேன். முப்பத்து மூணுன்னீங்க. தொந்தரவு ஏதாவது உண்டான்னு கேட்டேன். 'முன்னெல்லாம் இல்ல, இப்ப ரெண்டு வருஷமாத் தாங்க முடியல'ன்னீங்க."

"வேற?" என்றார் டாக்டர்.

"சிகிச்சைன்னு கேட்டதுக்கு, நவம்பர் ஒண்ணாம் தேதியோட எல்லாம் சரியாயிடும்னு சொன்னாங்க. அதையும் அப்படியே எழுதிட்டேன் டாக்டர்."

எனக்குக் காது மடல் வரை சுட்டது. என் புருஷன், "சோபாவுல இருந்தப்ப எனக்கே கேட்டுச்சு. வேற எதையோ பத்தி நீ பேசறேன்னு நெனச்சேன்" என்று மெல்லச் சொன்னார்.

டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் கோபேயில் ஒரு மாநாட்டில் இந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றித்தான் பேசப் போகிறாராம். ஹாஷிமோட்டோ உள்ளவர்கள் நாலு பேர், இல்லாதவர்கள் எட்டுப் பேர். நாலு பேருக்கும் நோய் அடங்கியிருந்தது, அதிலும் ரொம்ப அடங்கியிருந்தது எனக்குத்தான். "உங்களை இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் தள்ளினா, ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆயிடுது. சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார்.

"அப்ப ஏன் தள்றீங்க?" என் புருஷன் தன் மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இருக்குன்னே இருக்கட்டும். இதோ பேரு போட்டிருக்கு. சாட்சிக் கையெழுத்து வேணும்னாலும் போடறேன். நான் கூட இருந்தேனா இல்லியா?"

டாக்டர் அந்த அட்டையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பாவம், ஆசைப்பட்டார். எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் மேஜையைத் தட்டினேன். இருந்த காற்றையெல்லாம் சேர்த்துச் சொன்னேன்: "இல்லன்னு எழுதுங்க. பதிமூணாவதா ஒருத்தி வருவா. நான் பிடிச்சுத் தொங்கின மாதிரி அவளும் இதைப் பிடிச்சுத் தொங்குவா."

டாக்டர் எழுந்து எனக்கு ஆழமாகக் குனிந்தார். திரையில் மாற்றினார். "அப்ப எனக்கு ஏன் அடங்கியிருந்துச்சு?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றார். அதன் வாலில் ஒன்றும் ஒட்டவில்லை.

என் புருஷன் கேட்டார்: "அப்ப நான் கூட இருந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையா டாக்டர்?"

"இல்லீங்க."

அவர் அட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். முதுகு மறுபடி வளைந்தது. "அப்ப சரி. மெய்னோஹாமாக்காரர் இன்னும் வீட்டை வேற ஆளுக்குக் கொடுக்கல. இந்த வாரமே போயிடறேன்" என்று என்னிடம் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஷிரகாவா புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். "ஆறு மாசத்துக்கு ஒரு தரம் ரத்தம் பார்க்கணும்மா, பத்து வருஷத்துக்கு. அதுக்குள்ள உங்க பேரோ முகவரியோ மாறுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது, ஒரு துளியும் குறையவில்லை. அவர் போனால் குளிர்பெட்டியை இஷ்டத்துக்குத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம், அந்த ரத்த முடிவைத் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

"அடுத்த தரம் வர்றப்ப கேளுங்க" என்றேன்.

"இப்போதைக்கு என்ன போடட்டும்மா?"

"ஹாஷிமோட்டோன்னே போடுங்க."

ஜன்னல் பக்கம் ஒரு செருமல் கேட்டது. ஷிரகாவா எழுதப் போனவள் பேனாவைத் தூக்கிக்கொண்டாள். ஒரு தரம் பட்டவள் அல்லவா. "பேர்லதானேம்மா? நோய்ல இல்லையே?" என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டாள்.

"பேர்லதான்" என்றேன். "நோய்ல எழுதினாலும் தப்பில்ல."